விருந்துக்கு வராத அண்ணன்

ஊதாரி மகன் உவமையில் தந்தை இருமுறை வெளியே வருகிறார். முதலில், தொலைவிலேயே இளையவனைக் கண்டு, ஓடிப்போய்க் கட்டித் தழுவுகிறார். பிறகு, விருந்துக்கு வர மறுத்து நிற்கும் மூத்தவனிடம் வந்து கெஞ்சுகிறார். இந்த இரண்டாவதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

மூத்தவன் 'என் தம்பி' என்று சொல்லவே இல்லை. 'உம் மகன்' என்கிறான். பாகப்பிரிவினையால் பேச்சு நின்றுபோன நம் வீடுகளிலும் இப்படித்தானே பேசுகிறோம்? தந்தை அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தமக்குள்ளதெல்லாம் அவனுக்கே என்று உறுதி சொல்லிவிட்டு, 'உன் தம்பி' என்று மெதுவாகத் திருத்துகிறார்.

இயேசு பாவிகளோடு உணவருந்துவதைக் கண்டு முணுமுணுத்த பரிசேயருக்கும் மறைநூல் அறிஞருக்கும் சொல்லப்பட்ட உவமை இது. மூத்தவன் உள்ளே போனானா? லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் அதைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது.