மந்திரம் தெரிந்தவன் படையெடுத்தால்

மாயாஜாலக் கதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, இரண்டு மந்திரவாதிகள் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த மந்திரத்துக்கு விலை கொடுப்பது யார்?

ஜெர்மனியில் 1984-இல் உல்ரிச் கீசோவ் உருவாக்கிய 'தாஸ் ஷ்வார்ட்ஸெ ஆகெ', மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு. அதன் ஆவென்தூரியன் கண்டத்தில் மந்திரவாதியின் சக்திக்குப் புள்ளிக் கணக்கு உண்டு. 30 புள்ளி உள்ளவன் 'இக்னிஃபாக்ஸியஸ்' என்னும் தீக்கதிரைச் சில தடவை பலமாக எறிந்தால் கையிருப்பு காலி. ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் சாதாரணமாக ஒரு பகடை அளவுதான், 6 புள்ளிக்குள்தான், திரும்பி வரும். இரும்புக் கவசம் மந்திரத்துக்குத் தடை. அதனால் வெறும் அங்கியோடுதான் அவன் களத்தில் நிற்க வேண்டும். ஆகவே தளபதி அவனை முன்வரிசைக்கு அனுப்ப மாட்டார். ஈட்டிக்காரர்களைச் சுற்றிலும் நிறுத்திக் காப்பாற்றி, கோட்டைக் கதவு உடைய வேண்டிய அந்த ஒரு நேரத்துக்காக வைத்திருப்பார்.

இந்தக் கணக்கை மீறுகிறவன்தான் அதே விளையாட்டின் மந்திரவாதி போர்பராட். புள்ளி தீர்ந்தால் உயிரையே எரித்து மந்திரம் போடுவது அவன் வழி. அடுத்தவன் ரத்தமானாலும் சரி. அவனுடைய சகோதரன் ரோஹல் நூறாண்டுக்கு மேல் பேரரசை ஆண்ட மாயாவி. ரோஹலுக்கு வயலும் ஊரும் குடிமக்களும் உண்டு. ஒவ்வொரு மந்திரமும் அவன் மண்ணிலேயே விழும். போர்பராடுக்கு அந்தக் கவலையே இல்லை. அரசனும் மந்திரவாதியும் போர் செய்வதில் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்பேன். கடைசியில் இருவரும் மோதிய நிலம் 'கோர்' என்னும் பாலைவனமாகக் கிடக்கிறது. ரோஹல் மறைந்த பின் அடக்க ஆளில்லாமல், மந்திரவாதிகள் தங்களுக்குள் போரில் இறங்கினார்கள்.

1200 வாக்கில் எழுதப்பட்ட 'நீபெலுங்கன்லீட்' காவியம் இந்த விலை விஷயத்தில் இன்னும் நுட்பமானது. ஆல்பெரிஷ் என்ற குள்ளனிடமிருந்து ஸீக்ஃப்ரீட் பறித்த மாயப் போர்வை, ஆளை மறைத்து 12 பேர் பலமும் தரும். ஆனால் வோர்ம்ஸ் நகரத்து அரசன் குந்தருக்காக சாக்ஸன்களோடு மோதும்போது ஸீக்ஃப்ரீட் நம்புவது வாளைத்தான். போர்வை வெளியே வருவது, ப்ரூன்ஹில்ட் என்ற அரசியை ஏமாற்றிக் குந்தருக்கு மணமுடிக்க. அந்த ஏமாற்று வெளிப்பட்டதும் குந்தரின் ஆளான ஹாகனின் ஈட்டி ஸீக்ஃப்ரீட்டின் முதுகில் பாய்கிறது. பல வருடம் கழித்து, அந்தக் கொலைக்குப் பழியாக, எட்ஸெல் அரசனின் மண்டபத்தில் குந்தரின் பர்கண்டிப் படை முழுவதும் மடிகிறது.