துவக்கும் இரண்டு சாட்சிகளும்

நம்மவரிடையே துவக்கு என்ற சொல்லுக்கு இரண்டு காலங்கள் உண்டு. வன்னியில் பன்றி வேட்டைக்குச் சென்றோரின் தோளில் கிடந்த இடியன் ஒரு காலம். சோதனைச்சாவடியில் நமது மார்பை நோக்கி நீண்டது மற்றொரு காலம். இவ்விரண்டாம் காலத்தைக் கடந்து ஓக்லாந்தில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், வார இறுதியில் றைபிள் சுடப் பழகப் போகிறோம் என்று கூறும்போது பெற்றோர் கலங்குவது இயல்பே. "இதுக்கோ உங்களை இவ்வளவு தூரம் கொண்டு வந்தனாங்கள்?" என்று ஒரு தாய் கேட்டதை நான் அறிவேன்.

பிள்ளைகள் பழகுவது விளையாட்டு என்பதில் ஐயமில்லை. இந்நாட்டில் தேசிய றைபிள் போட்டி 1861 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. நமக்கு அண்மையதோர் எடுத்துக்காட்டு வேண்டுமாயின், கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 இல் றியோ டி ஜெனெய்ரோ உலகக் கிண்ணப் போட்டியில் 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். அப்பிரிவில் இலக்கின் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீற்றர் மாத்திரமே.

ஓக்லாந்தின் தெற்குப் புறத்தே நடைபெற்ற அத்தகைய இருநாட் பயிற்சியொன்றைச் சென்று பார்த்தேன். சனிக்கிழமை முற்பகல் முழுவதும் ஒரு வெடிகூடக் கேட்கவில்லை. நியூசிலாந்தின் ஏழு பாதுகாப்பு விதிகளே பாடம். எந்தத் துவக்கையும் ரவை ஏற்றப்பட்டதாகவே கருது என்பது முதல் விதி. இலக்கு இன்னதென்று ஐயத்துக்கு இடமின்றி அறிந்துகொள் என்பது நான்காவது. காட்டில் மான் என்றெண்ணித் தோழனையே சுட்டுவிட்ட வேட்டைக்காரரின் கதைகள் இந்நாட்டில் அரிதல்ல.

பிற்பகலில் .22 றைபிளுடன் குப்புறப் படுக்கப் பழக்கினர். இலக்கைக் குறிவைத்தபின் கண்ணை மூடி, மூச்சை விட்டு, மீண்டும் திறக்க வேண்டும். குறி விலகியிருந்தால் கையால் இழுத்துத் திருத்தலாகாது, உடம்பையே நகர்த்த வேண்டும். கையால் இழுத்த குறி, வெடிக்கும் கணத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மூச்சை வெளியேற்றியபின் வரும் சிறு இடைவெளியில் விசையை மெல்ல அழுத்த வேண்டும். அவ்விடைவெளி நீண்டால் பார்வை மங்கும், தசை நடுங்கும். அப்போது சுடாமல் விரலை எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். சுடாமல் விடுவதும் பயிற்சியின் ஒரு பகுதியென்பது எனக்குப் புதிதாக இருந்தது.

மறுநாள் தாளில் ஐந்து துளைகள் விழுந்தன. நடுவில் ஒன்றும் திசைக்கொன்றாக நான்கும் பெற்றவரைவிட, மூலையொன்றில் ஐந்தையும் நெருக்கமாகப் பெற்ற இளம் பெண்ணையே பயிற்றுநர் பாராட்டினார். நெருக்கமாக விழுந்தால் குறிகாட்டியைத் திருகி நடுவுக்குக் கொண்டுவரலாம், சிதறினால் திருத்துவதற்கு எதுவுமில்லை. பரீட்சைத் தாள்கள் பல திருத்திய எனக்கு இந்நியாயம் உடனே விளங்கிற்று.

ஆயினும் நமது வாசகர் கவனிக்க வேண்டியது சுடுதளத்துக்கு வெளியே உள்ளது. அனுமதிப்பத்திரம் உடையவரின் நேரடி மேற்பார்வையில் யாரும் சுடப் பழகலாம். சொந்தமாக வைத்திருக்க விரும்புபவர் 16 வயது நிரம்பி அனுமதி பெற வேண்டும். தற்காப்பு ஏற்றுக்கொள்ளப்படும் காரணமன்று. விண்ணப்பித்தவரின் வாழ்க்கைத்துணையையோ நெருங்கிய உறவினரையோ ஒருமுறை, உறவினரல்லாத நன்கறிந்த ஒருவரை ஒருமுறை விசாரிப்பர். கணவனுக்குத் துவக்கு வழங்கலாமா என்று மனைவியைக் கேட்கும் அரசை நம்மிற் பலர் முன்னர் கண்டதில்லை.

இவ்விசாரணை பெயரளவில் நடந்தால் விளைவது என்ன என்பதற்குக் கிறைஸ்ட்சேர்ச் சாட்சி. 2019 மார்ச் 15 ஆம் திகதி அங்கு இரு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், 2017 நவம்பரில் முறைப்படி அனுமதி பெற்றவன். அவன் பெயரை உச்சரிப்பதில்லை என்று அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டேர்ன் எடுத்த முடிவை இங்கும் பின்பற்றுகிறேன். அவனும் ஒரு றைபிள் கழகத்தில் உறுப்பினனாயிருந்து பழகியவனே. அவனுக்காகச் சாட்சி கூறியோர் இணைய விளையாட்டின் வழி அறிமுகமான நண்பரொருவரும் அந்நண்பரின் பெற்றோருள் ஒருவரும். உறவினரின் இடத்தையும் அந்நண்பரே நிரப்பினார். பொலிஸார் உரிய தரத்தில் விசாரிக்கவில்லை என 2020 டிசெம்பரில் வெளியான அரச ஆணைக்குழுவின் அறிக்கை கண்டது.

அரைத்தானியங்கித் துவக்குகளிற் பெரும்பாலானவை 2019 ஏப்ரலிலேயே தடைசெய்யப்பட்டன. 2020 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதன்முறை பெறும் அனுமதி ஐந்தாண்டுகளாகக் குறைக்கப்பட்டது. 2023 ஜூன் 24 முதல் ஒவ்வொரு துவக்கையும் பதிவேட்டிற் சேர்க்கும் பணி தொடங்கியது.

சட்டம் எத்தனை முறை திருந்தினும் சாட்சி கூறுபவர் மனிதரே. நம்மவர் ஊரவர் என்ற உரிமையில் வாடகை வீட்டுக்கும் வேலைக்கும் ஒருவருக்கொருவர் பரிந்துரை கூறுவது வழக்கம். பெரும்பாலும் அது நற்பண்பே. கோயிலில் இருமுறை கண்ட தம்பி துவக்கு அனுமதிக்குச் சாட்சியாக வரும்படி கேட்டால், அவன் வீட்டில் எவ்வாறு கோபிப்பான், குடிப்பானா, இரவில் உறங்குகிறானா என்பவற்றை நாம் அறிவோமா என்று பார்க்க வேண்டும். போரைக் கண்டு வந்தவர்களிடம் இக்கேள்விகள் மேலும் அவசியம். அறியாவிடின், "எனக்கு உன்னை அவ்வளவு தெரியாது, தம்பி" என்று சொல்லிவிடலாம். அவன் சிறிது மனம் வருந்தக்கூடும்.