கடிகாரம் சாரதியிடம், தாமதம் நம்மிடம்

என் ராத்தாவின் மகன் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருந்துகொண்டு 18 சில்லு லொறி ஓட்டுகிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் நான் கடை திறந்து உட்கார்ந்த நேரம் தொலைபேசியில் கூப்பிட்டார். நமக்குக் காலை 9 மணி. அவருக்கு இரவு பதினொன்றரை.

"மாமா, ரோட்டோரத்தில் நிற்கிறேன். தூக்கம் வருகிறது, ஆனால் தூங்கப் பயமாக இருக்கிறது" என்றார்.

லொறியில் கோளாறா என்று கேட்டேன். "லொறி நல்லாத்தான் இருக்கு மாமா. என் நேரம்தான் முடிந்துவிட்டது" என்றார்.

நேரம் முடிந்தது என்றால் என்ன? லொறி வைத்திருப்பவர்களும் லொறியில் சரக்கு வரவழைப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்கச் சட்டப்படி, சரக்கு லொறிச் சாரதி ஒருவர் தொடர்ந்து 10 மணித்தியாலம் ஓய்வெடுத்த பின்னரே வேலையைத் தொடங்கலாம். தொடங்கியதிலிருந்து 14 மணித்தியாலத்துக்குள் 11 மணித்தியாலம் மட்டுமே ஓட்டலாம். 8 மணித்தியாலம் ஓட்டியதும் அரை மணி நேரமாவது ஓட்டாமல் இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டி உயிர்கள் போகக் கூடாது என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான்.

முன்பெல்லாம் இந்தக் கணக்கைச் சாரதியே புத்தகத்தில் எழுதுவார். நேரத்தைக் கூட்டிக் குறைத்து எழுதுவது வழக்கமாகிப் போனதால், அதற்குச் சாரதிகளே 'சித்திரக்கதைப் புத்தகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை ஒழிக்க 2012இல் சட்டம் வந்தது. 2017 டிசம்பர் 18 முதல் பெரும்பாலான நெடுந்தூர லொறிகளில் இலத்திரனியல் பதிவுக் கருவி கட்டாயமாயிற்று. இயந்திரத்தோடு பொருத்தப்படும் இந்தக் கருவி, லொறி அசையத் தொடங்கியதுமே தானாக எழுதிக்கொள்ளும். அதனிடம் கெஞ்ச முடியாது.

மருமகனின் அன்றைய கணக்கைப் பாருங்கள். காலை 7 மணிக்கு வேலை தொடக்கம். 5 மணித்தியாலம் ஓட்டி, பகல் 12 மணிக்கு ஒரு களஞ்சியசாலை வாசலில். சரக்கு இறக்கக் கொடுத்த நேரம் 1 மணி. இறக்கி முடித்துக் கையொப்பம் கிடைத்தது மாலை 6 மணிக்கு. 6 மணித்தியாலம் வாசலில் போய்விட்டது. ஆனால் 14 மணித்தியாலக் கடிகாரம் நிற்கவில்லை. இரவு 9 மணிக்கு அது முடியும். ஓட்டுவதற்கு அனுமதித்த 11இல் 3 மணித்தியாலம் வீணாகும். அவருக்குச் சம்பளம் ஓடிய மைலுக்குத்தான்.

காத்திருந்த நேரத்தைக் கழிக்க வழியே இல்லையா என்று கேட்டேன். 2020இல் செய்த திருத்தப்படி, 2 மணித்தியாலத்துக்குக் குறையாத ஓய்வையும், லொறிக்குள் இருக்கும் படுக்கையில் 7 மணித்தியாலத்துக்குக் குறையாத ஓய்வையும் சேர்த்து மொத்தம் 10 மணித்தியாலம் காட்டினால் கடிகாரத்தை நிறுத்தலாமாம். "அது படுத்திருந்தால்தானே மாமா. 'உங்கள் முறை வருகிறது, லொறியை முன்னுக்கு எடுங்கள்' என்று அரை மணிக்கொரு தடவை கூப்பிட்டார்கள்" என்றார்.

களஞ்சியசாலை வளவிலேயே இரவைக் கழிக்கக் கேட்டாராம். காவலாளி கேற்றைக் காட்டினாராம். வழியில் லொறி நிறுத்துமிடங்கள் இரண்டு, இரண்டும் நிறைந்திருந்தன. அரசாங்க ஓய்விடமும் நிறைந்திருந்தது. 9 மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், அதிவேகப் பாதையிலிருந்து இறங்கும் கிளைப்பாதையின் ஓரத்தில் நிறுத்திவிட்டார். காலை 7 மணி வரை அங்கேதான்.

பாதுகாப்புக்கு வந்த சட்டம், பாதுகாப்பில்லாத இடத்தில் அவரைத் தூங்க வைத்த கதை இதுதான்.

ஓரத்தில் நின்றால் 10 நிமிடத்துக்குள் மூன்று சிவப்பு முக்கோணங்களை வைக்க வேண்டும். நடுவே பிரிப்புள்ள பெரும்பாதையென்றால் லொறிக்குப் பின்னால் 10 அடியில் ஒன்று, 100 அடியில் ஒன்று, 200 அடியில் ஒன்று. வாகனங்கள் சீறிப் பாயும் இருட்டில், அந்த 200 அடியும் கால்நடையாகப் போய் வர வேண்டும்.

பயம் வீண் பயமல்ல. 2023 ஜூலை 12ஆம் திகதி அதிகாலை, இலினொய் மாநிலத்தில் 70ஆம் இலக்க அதிவேகப் பாதையின் ஓய்விடம் ஒன்றுக்குச் செல்லும் கிளைப்பாதையின் ஓரத்தில் நின்ற மூன்று லொறிகள் மீது பயணிகள் பஸ் ஒன்று மோதியது. பஸ்ஸில் வந்த மூவர் உயிரிழந்தனர்.

வாகனங்களால் மட்டுமல்ல, மனிதர்களாலும் ஆபத்து. 2009 மார்ச்சில் ஜேசன் ரிவன்பர்க் என்ற சாரதி பால் ஏற்றிச் சென்றார். இறக்கும் இடத்துக்கு நேரகாலத்தோடு வந்துவிட்டதால் அங்கே நிறுத்த முடியவில்லை. தென் கரோலினாவில் மூடிக்கிடந்த எரிபொருள் நிலையம் ஒன்றில் நிறுத்தினார். அங்கே அவரைச் சுட்டுக்கொன்று கொள்ளையடித்த பணம் 7 டொலர். அப்போது இந்தக் கருவி கட்டாயமாகவில்லை. இடமில்லாத குறை அன்றே இருந்தது. அவர் பெயராலேயே 2012இல், லொறி நிறுத்துமிடங்களைப் பற்றி 'ஜேசன் சட்டம்' வந்தது. அதன்படி 2019இல் எடுத்த கணக்கில், பாதுகாப்பான இடம் கிடைப்பது அடிக்கடி சிரமமாக இருப்பதாக நூற்றுக்கு 98 சாரதிகள் சொன்னார்கள்.

கருவியால் பலனே இல்லையா? உண்டு. அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கண்டது: நேர விதியை மீறுவது நன்றாகக் குறைந்தது. ஆனால் விபத்துகள் குறைந்ததாகத் தெரியவில்லை. சிறிய கம்பனிகளின் சாரதிகள் வேகமாக ஓட்டுவது கூடிவிட்டது. வியாபாரிக்கு இது விளங்காத கணக்கல்ல. வாசலில் இழந்த நேரத்தை எங்கே பிடிப்பது? ரோட்டில்தான்.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கருவி சாரதியின் ஒவ்வொரு நிமிடத்தையும் எழுதுகிறது. ஆனால் தாமதப்படுத்தியவர் யார் என்று எழுதுவதில்லை. அங்கே காத்திருப்பில் முதல் 2 மணித்தியாலம் இலவசம் என்பது பொது வழக்கமாம். சாரதியின் நேரம் நமது களஞ்சியத்தில் காசு கொடுக்காமல் எடுக்கும் சாமான் போலாகிவிட்டது.

அமெரிக்காவைக் குறை சொல்லிவிட்டு நான் தப்ப முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை என் கடைக்குச் சரக்கு வந்தது. நாட்டாமிமார் ஜும்ஆவுக்குப் போய், சாப்பிட்டு வரும்வரை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அந்த லொறியை நிறுத்தி வைத்தேன். சாரதி முதல் நாள் இரவு முழுக்க ஓட்டி வந்தவர். ஒரு தேத்தண்ணி கொடுத்ததோடு என் கடமை முடிந்ததாக நினைத்தேன். அன்றிரவே அவர் திரும்பிப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எப்போது தூங்குவார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது கடையில் மூன்று விடயங்களை வழக்கமாக்கியிருக்கிறேன். ஆட்கள் தயாராக இருக்கும் நேரத்தை மட்டுமே லொறிக்காரருக்குச் சொல்வது. வந்த நேரம், போன நேரம் இரண்டையும் பில்லில் எழுதி, நம்மால் தாமதமென்றால் காசு சேர்த்துக் கொடுப்பது. இரவானால் வளவுக்குள் நிறுத்தித் தூங்க விடுவது. மூன்றாவதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

மருமகன் அன்றிரவு மூன்று மணித்தியாலம்கூடச் சரியாகத் தூங்கவில்லை. காலை 7 மணிக்குக் கருவி பச்சை காட்டியது. பத்து மணித்தியால ஓய்வு முடிந்தது என்று அது எழுதிக்கொண்டது.