புகை தீண்டிய கருவிகள்

தீ அணைந்த பட்டறைக்குள் நுழைபவரின் கண் முதலில் தேடுவது எரியாமல் எஞ்சிய பொருளையே. மூலையில் மின்சாரத் துளையிடும் கருவி ஒன்று கிடக்கிறது. மேலே கரி படிந்திருக்கிறது. வேறு குறை எதுவும் தென்படவில்லை. அதைத் துடைத்து, மின்செருகியைப் பொருத்திப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. பிழைப்பே அக்கருவியை நம்பியிருப்பவருக்கு இன்னும் இயல்பு. கருவி ஓடவும் கூடும். ஓடுகிறது என்பதாலேயே அது பழுதற்றது என்று கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

தழல் எட்டாத இடத்தையும் புகை எட்டும். 1975ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று நியூயார்க் நகரின் தொலைபேசி நிலையம் ஒன்றில், நிலவறையிலிருந்த வடங்கள் தீப்பற்றின. ஏறத்தாழ 1,70,000 தொலைபேசிகள் செயலிழந்தன. வடங்களின் நெகிழி உறையிலிருந்து எழுந்த புகை மேல்தளங்களுக்கும் பரவி, அங்கிருந்த கருவிகளின்மீது படிந்தது. நுண்ணிய தொடுமுனைகளை ஊழியர்கள் கையாலேயே தூய்மை செய்ய வேண்டியதாயிற்று. சேவை மீள மூன்று வாரங்களுக்கு மேலாயின.

இதற்குக் காரணம் புகையின் வேதியியலே. மின்கம்பிகளின் உறை பெரும்பாலும் பி.வி.சி. என்னும் நெகிழியால் ஆனது. அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்டது குளோரின். மிகுந்த வெப்பத்தில் அது சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடுகிறது. இவ்வாயு காற்றின் ஈரத்தில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கரியோடு சேர்ந்து படியும் இவ்வமிலம் செம்பையும் இரும்பையும் ஓசையின்றி அரிக்கிறது. அரிப்பு ஒரே நாளில் தெரிவதில்லை. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீரும் மழைக்கால ஈரமும் அதனை விரைவுபடுத்தும்.

கரியோ மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. ஈரம் சேர்ந்த கரிப்படலம் காப்பின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய பாதையாகிவிடுகிறது. அப்பாதை வழியே கசியும் மின்சாரம் கருவியின் உலோகப் பகுதிக்கு வந்துசேரலாம். 5 ஆம்பியர் உருகி இதைத் தடுக்குமா? தடுக்காது. கசிவு சில பத்து மில்லியாம்பியரே. உருகிக்கு அது ஒரு பொருட்டன்று. மனித உடலுக்கோ 30 மில்லியாம்பியரே உயிர்க்கு ஆபத்தான அளவு. ஆகவேதான் அந்த அளவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கசிவுத் துண்டிப்பான்கள் பயன்படுத்தப்படுகின்றன. சதுரத்துக்குள் சதுரம் பொறிக்கப்பட்ட இரட்டைக் காப்புக் கருவிகளுக்குப் புவித்தொடர்புக் கம்பியே கிடையாது. அவற்றைப் பிடிப்பவருக்குக் காப்பு ஒன்றே அரண். கரி கெடுப்பதும் அதனையே.

ஓட்டிப் பார்த்துச் சோதிப்பதே பல வேளைகளில் கேட்டைப் பெருக்குகிறது. இயக்கியைக் குளிர்விக்கும் விசிறி, வெளியே கிடந்த கரியையும் உள்ளே இழுத்துக் கம்பிச்சுருளின் இடுக்குகளில் சேர்த்துவிடுகிறது. எனவே, மின்னிணைப்புக் கொடுக்கும் முன்னரே தேர்ந்த பணியாளர் கருவியைப் பிரித்து, கரியை அகற்றி, நன்கு உலர்த்தி, மெகர் கொண்டு 500 வோல்ட்டில் காப்புத்தடையை அளந்தறிவர். வெப்பத்தால் உறை வளைந்தோ வடம் விறைத்தோ இருப்பின் அளக்கவும் தேவையில்லை, அக்கருவி கழிக்கத்தக்கது. சிறு கருவிகளுக்குப் பழுதுபார்க்கும் செலவு புதியதன் விலையை எட்டிவிடுவதும் உண்டு.

மின்கலத்தால் இயங்கும் கருவிகளின் நிலை வேறு. வெப்பம் தாக்கிய லித்தியம் அயனி மின்கலத்தின் உள்ளே நேர், எதிர் முனைகளைப் பிரிக்கும் மெல்லிய தாள் சிதைந்திருக்கலாம். அத்தகைய மின்கலம் பல மணி நேரம் கழித்தும், சில நாள்கள் கழித்தும் தானே தீப்பற்றக்கூடும். அதனை மின்னேற்றம் செய்யாமல், எரியக்கூடிய பொருள்களிலிருந்து விலக்கி, வீட்டுக்கு வெளியே வைத்தல் வேண்டும்.

கழித்த கருவியை அப்படியே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டால், வேறொருவர் அதனைக் குறைந்த விலைக்கு வாங்கி மீண்டும் செருகிவிடலாம். ஆதலின், விவரமறிந்தோர் அதன் வடத்தை அடியோடு வெட்டிய பின்னரே கொடுப்பர்.