பல் குச்சிக்கு எந்த வேல்?

நைலான் இழை வைத்த பிரஷ் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1938ல்தான். அதற்கு முன் மேனாட்டார் பன்றி மயிர் பிரஷ்ஷால் பல் துலக்கினர். தென்காசி வட்டாரத்திலோ வரப்பு மரமே பிரஷ் தந்தது. வேம்பு, ஆல், வேல் மூன்றின் குச்சியும் பல்லுக்கு ஏற்றவை.

இதில் வேல் என்பது கருவேல். பிற்காலத்தில் அயல்நாட்டிலிருந்து வந்து குளங்களையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்ட சீமைக்கருவேல் அல்ல. கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்ததுபோல் இடுக்கு விழுந்து சாம்பல் நிறமாயிருக்கும். சீமைக்கருவேலுக்குப் பூ விரல்போல் நீளும். சீமைக்கருவேலை ஒழிக்கும் வேகத்தில் கருவேலையும் சேர்த்து வெட்டிவிடுவது பெரிய நஷ்டம். கருவேலங்காய் ஆட்டுக்குத் தீனி. தோல் பதனிட உதவும் அதே பட்டைத் துவர்ப்புதான் ஈறையும் இறுக்குகிறது.

சுண்டுவிரல் பருமனில், ஒரு சாண் நீளத்தில் பச்சைக் குச்சி போதும். நடுக்கொழுந்தைத் தொடாமல் பக்கக் கிளையில் ஒடிக்க வேண்டும். நுனியை மென்று நார் பிரிந்தபின், ஈறு புண்ணாகாதபடி மெதுவாகத் தேய்ப்பது நல்லது.

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். சில வாரங்களில் முளைப்புத்திறன் குறைந்துவிடும். தண்ணீர் தேங்கும் இடம் வேம்புக்கு ஆகாது. கருவேல் அதைத் தாங்கும். கருவேல் விதையின் தோல் கடினமானது. காய் தின்ற ஆடுகள் அடைந்த பட்டியில் பொறுக்கிய விதை நன்றாக முளைக்கும்.