கரும்பாலையில் சாறு ஒழுகாதிருக்க

கரும்பு ஆட்டும் பருவத்தில் ஆலைக் கொட்டகையை அணுகுவோர் முதலிற் காண்பது எறும்புச் சாரையும் ஈக்கூட்டமுமேயாம். ஆலையின் அடியில் மண் கருத்து ஈரமாய்க் கிடக்கும். காலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். ஆலையென்றால் இப்படித்தான் இருக்குமென்று குடியானவர்களில் பலர் எண்ணி அதைக் கவனியாது போகின்றனர். அந்த ஈரம் மழைநீரன்று. பத்துப் பன்னிரண்டு மாதம் நீர் பாய்ச்சி, உரமிட்டு, சோகை உரித்து, விட்டம் கட்டி வளர்த்த பயிரின் பலனே அவ்வாறு மண்ணில் ஊறிக் கிடக்கிறது.

இதன் அளவு எவ்வளவென்று கணக்கிட்டுப் பார்ப்பது நலம். மூன்று உருளைகளுடைய நல்ல விசை ஆலையில் 1,000 கிலோ கரும்பை ஒரு முறை ஆட்டினால் சுமார் 600 முதல் 700 கிலோ வரை சாறு இறங்கும். எருது பூட்டி ஆட்டிய பழைய ஆலைகளில் 500 முதல் 600 கிலோ கிடைத்தாலே பெரிது. 650 கிலோ சாற்றைக் காய்ச்சினால் ஏறக்குறைய 100 கிலோ வெல்லம் தேறும். டன் ஒன்றுக்கு 20 கிலோ சாறு ஒழுகிப் போவதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு பெருங்குடத்தின் அளவேயாதலால் நாள் முழுதும் சொட்டுச் சொட்டாக இறங்குவது எவர் கண்ணிலும் உறுத்தாது. ஆயினும் அது 3 கிலோ வெல்லமாகும். ஏக்கருக்கு 40 டன் விளைந்த வயலுக்கு 120 கிலோ வெல்லம் இவ்விதம் நஷ்டமாகிறது.

இந்த நஷ்டம் எவரைச் சேர்ந்தது என்பதும் யோசிக்கத்தக்கது. சொந்த ஆலை வைத்திருப்பவர் தம் பொருளைத் தாமே இழக்கிறார். ஆனால் கரும்பு பயிரிடுவோரிற் பலர் பிறர் ஆலையில் கூலிக்கு ஆட்டுகிறவர்கள். ஆட்டுகூலி கரும்பின் எடைக்குக் கணக்கிடப்படும் இடங்களில், ஆலை ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் ஆலைக்காரருக்கு வரும் கூலி ஒன்றே. குறைவு முழுதும் கரும்புக்காரர் தலையில் விழுகிறது. வெல்லம் குறைந்ததைக் கண்டு அவர் கரும்பின் இனத்தையோ, நிலத்தையோ, காய்ச்சியவரின் கைப்பக்குவத்தையோ குறை கூறுவாரேயன்றி ஆலையின் அடியை நோக்குவதில்லை.

மர ஆலைகளும் கல் ஆலைகளும் வழங்கிய இந்நாட்டில், 1870-ஆம் ஆண்டுகளில் பீகாரிலுள்ள பிஹியா என்னும் ஊரிலிருந்து இரும்பு உருளை ஆலை பரவலாயிற்று. அதன் பின் எருதின் இடத்தை எண்ணெய் இன்ஜினும், அதன் இடத்தை மின்சார மோட்டாரும் பெற்றுள்ளன. விசை மாறிய போதிலும் உருளைகளின் அமைப்பு பெரிதும் மாறவில்லை. ஆகையால் சாறு தப்பும் வழிகளும் மாறவில்லை.

ஒழுகலை அறிய ஒரு தராசு போதும். முதலிற் சிறிது கரும்பை ஆட்டி, உருளைகளும் தட்டும் நனைந்த பின் ஆலையை நிறுத்திச் சாற்றையும் சக்கையையும் அப்புறப்படுத்துக. பின்னர் தோகையும் மண்ணும் நீக்கிய கரும்பு 200 கிலோ நிறுத்து ஆட்டி, வந்த சாற்றையும் சக்கையையும் தனித்தனியே நிறுக்க. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 200 கிலோ வரவேண்டும். ஒன்றிரண்டு கிலோ குறைவது இயல்பு. உதாரணமாக, சாறு 126 கிலோவும் சக்கை 64 கிலோவும் இருந்தால் கூட்டுத்தொகை 190 ஆகும். எஞ்சிய 10 கிலோ எங்கோ ஒழுகியிருக்கிறது. கூட்டுத்தொகை சரியாக இருந்தும் சாறு மட்டும் குறைந்திருந்தால் குற்றம் வேறு: சாறு கீழே ஒழுகவில்லை, சக்கையோடு போகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே பல இடங்களில் செலவு செய்தும் பயன் காணவில்லை. ஆலைக்காரருக்கும் கரும்புக்காரருக்கும் வழக்கு நேருமிடத்து, கிராம அதிகாரிகள் இருதரத்தாரையும் வைத்துக்கொண்டு இச்சோதனையைச் செய்வித்தால், வாய்ச்சண்டை அரைமணி நேரத்தில் தீர்ந்துபோகும்.

சாறு அதிகமாகத் தப்புமிடம் உருளைகளின் இரு ஓரங்களாகும். மேலுருளையின் ஓரங்களில் உயர்ந்த விளிம்பு அமைத்திருப்பது கரும்பும் சாறும் பக்கவாட்டில் பிதுங்காதிருத்தற் பொருட்டே. நாளடைவில் இவ்விளிம்பு தேய்ந்து இடைவெளி உண்டாகிறது. அதன் வழியே நைந்த துணுக்குகளும் சாறும் வெளிப்பட்டு, அச்சுத்தண்டின் மேல் ஊர்ந்து பேரிங்கை அடைகின்றன. அங்கே சாறு மசகைக் கழுவிக்கொண்டு போகிறது. தண்டு காய்ந்து தேய்கிறது. கருத்த மசகு சாற்றுத்தட்டில் விழுகிறது. ஒரே இடத்தில் மூன்று கேடு. விளிம்பைப் புதுப்பிப்பதே முறையான பரிகாரம். அதுவரையில், உருளைக்கும் பேரிங்குக்கும் நடுவே தண்டின் மேல் இறுக்கமான வளையமொன்றை மாட்டினால், ஊர்ந்து வரும் சாறு வளையத்தின் விளிம்பினின்று தட்டிலேயே சொட்டிவிடும். செலவு சொற்பம். கரும்பை உருளையின் நடுவில் ஊட்டாமல் ஒரே ஓரமாகத் தள்ளும் வழக்கத்தையும் விடவேண்டும்.

அடுத்தது, கீழுருளைகள் இரண்டிற்கும் நடுவே, மேலுருளையின் அடியில் நிற்கும் வளைந்த தகடு. முதற் பிழிவில் நைந்த கரும்பை இரண்டாம் பிழிவுக்குக் கொண்டு செலுத்துவது இதுவே. இதன் முனை தேய்ந்து முன்னுருளையை விட்டு விலகினால் சக்கைத்தூள் சாற்றில் கொட்டும். தகடு மிகத் தாழ்ந்திருந்தால் அதன் மேல் சக்கை குவிந்து கெட்டியாகும். மிக உயர்ந்திருந்தால் வழி நெருங்கி ஆலை திணறும். உருளையைச் சுரண்டும் தகடுகளும் முழு நீளத்துக்கும் ஒட்டி நிற்கவேண்டும். இல்லையேல் சக்கை உருளையோடு சுற்றி வந்து பிழிந்த சாற்றை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். வெளிவரும் சக்கையைக் கையால் முறுக்கினால் சாறு சொட்டுமாயின், பின் இடைவெளி அகன்றிருக்கிறது அல்லது உருளையின் வரிகள் மழுங்கிவிட்டன என்று அறியலாம்.

தட்டும் குழாயும் வடிகட்டியும் எளிய விஷயங்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டால் சாறு மேலே வழியும். இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கழுவுக. சிமெண்டுத் தொட்டியில் இரவு நீர் நிரப்பிக் குறியிட்டு, காலையில் மட்டம் தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்க.

கீழே தேங்கிய சாற்றை அள்ளிக் கொப்பரையில் ஊற்றுவது சில கொட்டகைகளில் வழக்கமாயிருக்கிறது. இது சிக்கனம்போலத் தோன்றினும் பெருந்தவறு. தேங்கிய சாற்றில் நுண்ணுயிர்கள் விரைவிற் பெருகிப் புளிப்பும் கோழையும் உண்டாக்குகின்றன. புளிப்பேறினால் கரும்புச் சர்க்கரை சிதைந்து வேறு சர்க்கரையாக மாறிவிடுவதால், பாகு பதத்துக்கு வராது. வெல்லம் கட்டியாகாமல் இளகும். ஒரு சட்டி கெட்ட சாறு ஒரு கொப்பரையைக் கெடுக்கும். கவுந்தப்பாடிச் சந்தையில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை விற்கும் ஊரார்க்கு, நிறமும் உதிரித்தன்மையும் குன்றிய சரக்கின் விலை என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆகையால் ஒழுகியதை மீட்பதை விட்டு, ஒழுகும் வழியை அடைக்க. அன்றன்று ஆட்டு முடிந்ததும் உருளை, தட்டு, குழாய் யாவற்றையும் வெந்நீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு நீர் தெளிக்க.

இன்னொன்று பணத்தைப் பற்றியதன்று. சக்கை அடைத்துச் சாறு வழியும்போது, ஆலையை நிறுத்தினால் வேலை தடைப்படுமென்று ஆட்கள் ஓடுகிற உருளையிலேயே கையையோ குச்சியையோ விட்டுக் கிண்டுகின்றனர். உருளை மெதுவாகச் சுற்றுவதாகத் தோன்றுமேயன்றி, பிடித்த விரலை விடுவதில்லை. கரும்பு ஊட்டுமிடத்தில், கை உருளையை எட்டாதபடி நீண்ட தாம்பாளமும் அதன் மேல் மூடியும் அமைக்க. பல்சக்கரங்களுக்கும் பட்டைக்கும் மறைப்பு வேண்டும். மோட்டாரை நிறுத்தும் விசை ஊட்டுகிறவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அடைப்பெடுக்குமுன் மோட்டாரை நிறுத்தி, மின்னிணைப்பையும் துண்டிக்க வேண்டும். ஈரத்தரையில் மின்சாரம் ஓடும் கொட்டகையாதலால், தரையொழுகலைத் தடுப்பது ஆட்கள் வழுக்கி விழாமலும் மின் அதிர்ச்சிக்கு ஆளாகாமலும் காக்கும்.

பழுதுபார்க்கும் காலம் குறித்து ஒரு வார்த்தை. பொங்கலுக்கு முந்திய வாரங்களில் கடைசல் பட்டறைகளில் உருளைகள் வரிசையாய்க் காத்துக் கிடக்கும். அவசரத்தில் வரி வெட்டியது அடுத்த மாதமே மழுங்கும். கடைசி ஆட்டு முடிந்த வாரத்திலேயே உருளைகளைக் கழற்றி, விளிம்பும் வரியும் பார்த்து, தேய்ந்தவற்றைப் பட்டறைக்கு அனுப்பிவிட வேண்டும். திரும்பி வந்தவற்றை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைக்க. அடுத்த பருவத்தில் முதற்கரும்பு ஊட்டுமுன் அவ்வெண்ணெயை வெந்நீரால் நன்றாகக் கழுவி எடுத்தல் அவசியம்.