நாயும் கூடவே வர வேண்டுமா? ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி வட்டாரத்தில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சொந்தக்காரர் இல்லாத தெரு அரிது. குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் விசா, பள்ளி, வாடகை வீடு எல்லாம் பார்த்துவிட்டு, வளர்த்த நாயைப் பற்றிக் கடைசி வாரத்தில்தான் விசாரிக்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

காரணம் ரேபிஸ். இந்தியாவில் அது இன்னும் ஒழியாததால் பல நாடுகள் இங்கிருந்து வரும் நாய், பூனைகளுக்குக் கடும் விதிகள் வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் கேட்பது இது: முதலில் தோலுக்கடியில் 15 இலக்க மைக்ரோசிப், அதன் பிறகு ரேபிஸ் தடுப்பூசி. சிப் வைக்கும் முன் போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பரிசோதிக்க வேண்டும். முடிவு சரியாக இருந்தாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஜப்பானுக்கு இந்தக் காத்திருப்பு 180 நாள்.

ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேரடியாக அனுப்பவே முடியாது. 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் தனி விமானத்தில் அனுமதியின்றிக் கொண்டுபோன இரண்டு நாய்களையும் திருப்பி அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம் என்றது அந்நாட்டு அரசு.

சிங்கப்பூருக்கு இறக்குமதி உரிமம் மட்டும் போதாது. அங்கே எச்.டி.பி. எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றுதான் வளர்க்கலாம், ராஜபாளையத்துக்கு இடமில்லை. பூனைகளுக்கு 2024 செப்டம்பர் முதல் அனுமதி உண்டு.

திருச்சி விமான நிலையம் பக்கத்தில் இருந்தாலும், ஏற்றுமதிச் சான்று தரும் மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் நிலையம் சென்னையில்தான் இருக்கிறது. பச்சைக்கிளி, நட்சத்திர ஆமையைக் கொண்டுபோக நினைக்கவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வளர்ப்பதே குற்றம்.

விலங்குகளை அனுப்பித் தரும் ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் கூண்டின் அளவு, கட்டணம், ரத்தானால் திரும்பும் தொகை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கூண்டுக்குள் நாய் தலை இடிக்காமல் எழுந்து நிற்கவும், திரும்பவும், படுக்கவும் முடிய வேண்டும். சேவையில் குறை இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுக்குள் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஏஜென்டின் அலுவலகம் வெளியூரில் இருந்தாலும் தடையில்லை. ஆன்லைனில் பணம் பறித்த மோசடி என்றால் உடனே 1930-ஐ அழையுங்கள். சரக்காக அனுப்பிய நாய்க்குக் காயம் ஏற்பட்டிருந்தால், விமான நிறுவனத்துக்கு 14 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும்.

கூட்டிப்போக வழியே இல்லை என்றால், கிளம்பும் முன் நம்பகமான வீடு ஒன்றைத் தேடிக் கொடுங்கள். பட்டினி கிடக்கும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.